மாப்பிள்ளை அழைப்பும் ஒரு காற்றுக் குழாயும்

இரண்டு கைகளும் வலிக்கின்றன. தோளில் ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும். போன வாரம் கார் ஓட்டினேன், அதனால்தான்.

கார் ஓட்டினால் கை வலிக்குமா? என் காரை ஓட்டினால் வலிக்கும். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இந்தக் காரைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது... உங்களுக்கு எப்படியோ.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: என்னிடம் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட். கூரையை மடக்கிவிடலாம். ஊரெல்லாம் கார்புரேட்டர் வண்டி ஓட்டிய காலத்திலேயே பெட்ரோலை அளந்து பீச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு பிறந்தது. துபாயிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே ஆசையோடு என் தலையில் கட்டிவிட்டார்.

நாற்கரச் சாலையில் பறக்கும். குறை சொல்ல முடியாது. ஆனால் சும்மா நிற்கத் தெரியாது. வண்ணார்பேட்டை சிக்னலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் சத்தம் தானாக ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்... பிறகு பொட்டென்று அணைந்துவிடும். பின்னால் நிற்கும் டவுன் பஸ் டிரைவர் என் வம்சத்தையே விசாரிப்பார்.

யோசித்துப் பாருங்கள். நாம் வண்டியோடு பறக்கிற நேரம் அதிகமா, நிற்கிற நேரம் அதிகமா? சிக்னல், ரயில்வே கேட், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல் – எல்லா இடத்திலும் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. வண்டி விற்கிறவர்கள் மட்டும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

இப்படிப்பட்ட வண்டியில்தான் மாப்பிள்ளை அழைப்பு நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தான் சங்கர் – என் அக்கா மகன்.

பிள்ளையார் கோவிலில் கிளம்பி மண்டபம் வரை, முன்னால் மேளம், பின்னால் ஜனம், நடுவில் கார். நடக்கிற வேகம்கூடக் கிடையாது. மேளக்காரர்கள் உற்சாகமானால் அங்கேயே நின்று வாசிப்பார்கள். அதாவது, என் வண்டிக்கு எது தெரியாதோ, அதை மட்டுமே செய்ய வேண்டும்!

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சங்கருக்கு முதலில் நிச்சயம் செய்த கல்யாணம், பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இப்போதுதான் மனசு மாறியிருக்கிறான். ஊர்வலமெல்லாம் வேண்டாம் என்றவன், அக்கா கெஞ்சியதில், "மாமா கார்னா ஏறுதேன்" என்று இறங்கி வந்திருக்கிறான்.

அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். காபியைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"தம்பி, வண்டி நடுவழியில மட்டும் நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா, 'அன்னைக்கு அது நின்னுது, இன்னைக்கு இது நின்னுட்டு'ன்னு சொல்லுவாங்க. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல, பாத்துக்கோ."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்கா மேல் உண்டு. மறுநாள் காலையிலேயே மேலப்பாளையத்தில் மைதீன் பாய் பட்டறை வாசலில் நின்றேன்.

மைதீன் பாய்க்கும் இந்த வண்டி என்றால் அலுப்புதான். பெருமூச்சு விட்டுக்கொண்டே பானட்டைத் தூக்குவார். காற்று போகும் ரப்பர் குழாயைக் கழற்றி மடக்கிக் காட்டினார். அடிப்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"உள்ள போற காத்தை ஒரு மீட்டர் அளந்துதான் பெட்ரோலு விடுது, அண்ணாச்சி. மீட்டருக்குத் தெரியாம இங்கன வழியா காத்து போனா கணக்கு ஒதைக்கும்லா?"

குழாயை மாற்றினார். நிற்கும்போது காற்று விடும் குட்டி வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். ஸ்டார்ட் செய்தோம். நம்பமாட்டீர்கள்... அப்படியே சீராக நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்துக் கடையில் டீ குடித்து முடிக்கும் வரை அணையவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

"பாய், இன்ஜின் சூட்டுக்குள்ளேயே இருந்து காத்தை இழுக்குதே. குழாயை முன்பக்கக் கிரில்லுக்கு நேரா கொண்டாந்தா குளுந்த காத்து வருமே?" என்றேன். அவர் யோசித்தார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் குழாயின் வாய் கிரில்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்கக் கிளம்புவது ஒரு வியாதி. அதற்கு மாத்திரை கிடையாது.

அழைப்பு நாள் சாயங்காலம். பூ அலங்காரக்காரர் வண்டியை மணப்பெண் மாதிரி ஜோடித்திருந்தார். பானட் முழுக்க சம்பங்கி. முன்பக்கக் கிரில்லை மறைத்து, செவ்வந்தியில் ஒரு பெரிய பூத்தட்டி. "பிரமாதம்!" என்று நானே பாராட்டினேன். அழைப்புக்கு வந்திருந்த மைதீன் பாயும் தலையாட்டினார்.

செண்டை மேளம் முழங்கக் கிளம்பினோம். காருக்கு முன்னால் பெண்களோடு அக்கா, கையில் தாம்பாளம். என் பக்கத்து சீட்டில் சங்கர், கழுத்து நிறைய மாலை. பாதி வழி வரை எல்லாம் சரியாக இருந்தது. ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் இன்ஜின் ஒரு முறை திணறியது. அணைந்தது. சாவியைத் திருப்பினேன். நாலைந்து நொடி ஓடியது. மறுபடி அணைந்தது.

அக்காவின் முதுகையே பார்த்தேன்.

பாய் ஓரமாக வந்து குனிந்தார். "பானட்டைத் தூக்கணும், அண்ணாச்சி." பூவைப் பிய்த்துப் பானட்டைத் தூக்கினால் ஊர்வலம் நிற்கும். எது நடக்கக் கூடாதோ, அதேதான்.

அதற்குள் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், பின்னாலிருந்து வந்து பார்த்தார். வாடகைக்குப் பெரிய கார் பிடிக்கலாம் என்று முதலிலேயே சொன்னவர். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கியரை எடுத்து விடு, மாப்ளே" என்றார். பாயும் இன்னும் இரண்டு உறவுக்காரர்களும் அவரோடு சேர்ந்துகொள்ள, வண்டி நகர்ந்தது. தள்ளுகிறவர்களைப் பின்னால் வந்த ஜனம் மறைத்துக்கொண்டது.

"மாமா, நானும் எறங்கித் தள்ளட்டுமா?" என்றான் சங்கர்.

"ஏலே, பேசாம சிரிச்சிட்டு உக்காருலே!"

நடக்கிற வேகத்தில் போகும் வண்டியில் இன்ஜின் ஓடுகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? அதுவும் செண்டை மேளத்துக்கு நடுவில்! ஓரமாக நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கத்திச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது: "கரண்டு வண்டி வே! பைய எப்படி வழுக்கிட்டுப் போவுது, பாரும்!"

எனக்குத்தான் ஸ்டியரிங் வழுக்கவில்லை; இன்ஜின் அணைந்தால் அது கல்லாக இறுகிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் மாவாட்டினேன். மண்டபத்து வாசல் வேகத்தடையில் அத்தானின் முனகல் மேளத்தையும் மீறிக் கேட்டது. ஆனாலும் ஏறிவிட்டோம். ஆரத்தி எடுத்தார்கள். சங்கர் இறங்கி உள்ளே போனான்.

பாய் செவ்வந்தித் தட்டியைத் திருப்பினார். பூவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள். அது கிரில்லுக்குள் இழுபட்டு, நாங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்த குழாயின் வாயைக் கச்சிதமாக மூடியிருக்கிறது. குழாய் பழைய இடத்தில் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கூட்டம் உள்ளே போன பிறகு அக்கா வந்தாள்.

"பாலத்துக்கிட்டயே வண்டி நின்னுட்டுல்லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? நீ திரும்பவே இல்லையே..."

"எத்தனை வருசமா என் வாசல்ல வந்து உறுமுத வண்டி. சத்தம் போனா தெரியாதா? நான் திரும்புனா எல்லாவளும் திரும்புவாளுவ. அதான் நேரா நடந்தேன்." பானட்டை ஒரு தட்டு தட்டினாள். பிறகு, "வண்டிதான தம்பி நின்னுது? ஊர்வலம் நிக்கலல்லா" என்றாள்.

கை வலிக்கு அத்தான் ஒரு தைல பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வரும்போதே பாதி காலி.