சீலை அலுமாரியில் பேர்பன்

எனக்கு மூக்கு இல்லை என்று முதலில் சொன்னவர் என் அண்ணைதான். வாய் திறந்து அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து, "இவனுக்கு மூக்கு இருக்கு" என்றார். விறாந்தையில் இருந்தவர்கள் மூன்றே மூன்று பேர். மிச்சத்தை நானே விளங்கிக்கொண்டேன்.

அண்ணை கனடாவில் இருந்து எங்கள் ஊரான கரம்பொனுக்கு வந்திருந்த நேரம் அது. வந்த மறுநாள் பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு, பயணப் பையில் இருந்து சேர்ட்டுக்குள் சுற்றிய ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். விஸ்கி என்று நினைத்தேன். விஸ்கிதான், ஆனால் பேர்பன் என்றார். அமெரிக்காவில் சோளத்தில் காய்ச்சுவது. புது ஓக் மரப் பீப்பாவின் உட்பக்கத்தை நெருப்பால் கருக்கி, அதற்குள் வருடக்கணக்கில் விட்டுவைப்பது. அந்த நிறமும் இனிப்பும் கருகிய மரம் கொடுப்பதாம். எனக்கு அதுவரை தெரிந்தது கள்ளும் சாராயமும். இரண்டையும் யாரும் முகர்ந்து பார்த்துக் குடிப்பதில்லை, குறிப்பாகச் சாராயத்தை. ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "சாராயத்துக்குள்ள சீனி போட்ட மாதிரிக் கிடக்கு" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரன் விழுங்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மணந்தான்.

"புதுக் கதவு பொருத்தின வீட்டுக்குள்ள போற மாதிரி இருக்கு அண்ணை. பிறகு கருகின சீனி. கடைசியா ஒரு வாசம் வருது, கதலிப்பழம் பழுத்துக் கறுத்தால் வருமே, அது."

அண்ணை கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். மூக்கைப் பற்றிய அந்த வசனத்தைச் சொன்னது அப்போதுதான்.

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் இடையில் நெஞ்சளவு மதில் ஒன்றுதான். அவனுக்குத் தபாற்கந்தோரில் வேலை, எனக்குக் கூப்பன் சாமான் கொடுக்கும் சங்கக்கடையில். அவனுடைய ஆட்கள் தலைமுறையாகக் கடலுக்குப் போகும் கத்தோலிக்க வேதக்காரர். அவனுக்குக் கடல் ஒத்துவரவில்லை, கரையில் நின்றுவிட்டான். ஆனாலும் சந்தையில் மீன் வாங்கும்போது மற்றவர்கள் செவுளைத் திறந்து பார்ப்பார்கள், அவன் குனிந்து மணந்து பார்ப்பான். நல்லவன். என்னுடைய கரைச்சலில் பாதி அதுதான். கெட்டவன் ஒருவன்மேல் எரிச்சல் வந்தால் ஊரே கூட நிற்கும். நல்லவன்மேல் வந்தால் தனியாகத்தான் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அண்ணை நாட்டை விட்டுப் போகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதன் பிறகு அவர் எனக்குத் தொலைபேசியில் ஒரு குரல். "சுகமோ? மழையோ? கிணத்தில தண்ணி இருக்கோ?" நான் ஓம் ஓம் என்பேன். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. "அப்ப வைக்கிறன்" என்பதை யார் முதலில் சொல்வது என்று காத்திருப்போம். எத்தனையோ வருடம் அப்படிப் போயிற்று. இப்போது அந்த மனிதர் கண்கள் மின்ன, கையை ஆட்டி, வாய் ஓயாமல் பேசுகிறார். பேசுவது அவனோடு. அந்தப் பின்னேரம் முழுக்க நான் கடலை வறுத்துக் கொண்டுவந்து வைப்பதும் ஐஸ் எடுக்கப் போவதுமாக இருந்தேன். ஐஸ் போடக்கூடாது என்று பிறகு அவனே எனக்கு விளக்கினான்.

அண்ணை திரும்பிப் போன மறுநாளே படிக்கத் தொடங்கினேன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். மூக்கைக் கிளாஸுக்குள் விடக்கூடாது, விளிம்பில் வைக்க வேண்டும். வாய் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். முதல் மிடறு ருசி பார்க்க அல்ல, நாக்குக்கு அறிவித்தல் கொடுக்க. இரண்டாவதை வாய்க்குள் வைத்து மெல்ல வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒளிந்திருக்கும் வாசம் வெளியே வரும். நான் கிணற்றுத் தண்ணீரை விட்டேன். எங்கள் பக்கத்துக் கிணறு உவர். வந்த வாசம் ஒளிந்தே இருந்திருக்கலாம். மதிலுக்கு மேலால் பார்த்தால் அவன் மழைத் தண்ணீரைச் சின்னப் போத்தலில் பிடித்து மூடி வைத்திருக்கிறான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

போத்தல் சேர்ப்பதிலும் அதே கதைதான். யார் வெளிநாட்டில் இருந்து வந்தாலும், விமான நிலையத்துக் கடையில் பேர்பன் ஒன்று எடுத்து வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பேன். மற்றவர்கள் சொக்கிலேற்றும் வாசனைத் திரவியமும் கேட்கும்போது நான் இதைக் கேட்பதில் மனைவிக்கு வெட்கம். எனக்கு ஒன்று வந்தால் அவனுக்கு இரண்டு வந்தது. தபாற்கந்தோரில் இருப்பவனுக்கு எல்லோரும் பழக்கம். கூப்பன் சாமான் கொடுப்பவனுக்கு யார் போத்தல் கொண்டுவருவார்கள்?

அவன் தன் போத்தல்களை முன் அறையில், கண்ணாடி ஷோகேஸில், திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தான். பின்னேர வெயில் அடிக்கும்போது அந்த மூலை முழுக்கத் தேன் நிறமாகும். அவன் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டில் அது நடக்காது.

"சாமி அறைக்கு முன்னால சாராயப் போத்தில் அடுக்க ஏலாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வீடு" என்றாள் மனைவி.

"சாராயம் இல்லை."

"எதெண்டாலும்."

கடைசியில் சீலை அலுமாரியின் கீழ்த்தட்டில் இடம் தந்தாள். கல்யாணக் கூறைச்சீலை இருக்கும் அலுமாரி என்பதால் பூட்டு உண்டு, வருகிறவர்கள் கண்ணிலும் படாது. அண்ணை எனக்கென்று அனுப்பிய கிளாஸையும் அதற்குள்ளேயே வைத்தேன். அடி பருத்து வாய் ஒடுங்கிய அருமையான கிளாஸ். சவர்க்காரம் பட்டால் மணம் கெட்டுவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆகையால் கழுவாமல், பழைய வேட்டித் துண்டால் துடைத்து, அந்தத் துண்டிலேயே சுற்றி வைப்பேன். குழந்தையைக்கூட நான் அவ்வளவு பக்குவமாகச் சுற்றியதில்லை.

பிறகு நடந்ததுதான் அதிசயம். எனக்கு மூக்குத் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணையோடு சேர்ந்து ருசி பார்த்தோம். ஒரே பெயருள்ள போத்தல், அங்கே அவர் கையில் ஒன்று, இங்கே என் கையில் ஒன்று. விளிம்பில் மூக்கை வைத்தேன். தெளிவாக ஒன்று வந்தது.

"கற்பூர வாசம் வருது அண்ணை."

அவர் மணந்தார். திரும்ப மணந்தார். "எனக்கு வரேல்லையடா."

"கரும்பலகையில எழுதின மாதிரித் தெளிவா வருது."

அடுத்த ஞாயிறு வேறு போத்தல். அதிலும் அடியில், கருகிய சீனிக்குப் பின்னால், அந்தக் குளிர்ந்த வாசம் இருந்தது. ரொறன்ரோவில் அவரோடு கூடி ருசி பார்க்கும் நண்பர்களிடம் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் வரவில்லையாம். ஒருவர் மட்டும் இருக்கலாம் என்றாராம். "உனக்கு என்னைவிட மூக்குக் கூர்மை. சொல்லிப்போட்டன் அவங்களிட்ட, என்ர தம்பி ஊரில இருந்து கண்டுபிடிக்கிறான் எண்டு." என்ர தம்பி. அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்ததில்லை. பேர்பனில் தொடங்கி அம்மாவின் மீன் குழம்பு வரைக்கும் போவோம். அவனைப் பற்றி அவர் கேட்பதே இல்லை. நான் வீதியில் அவனைக் கண்டால் நின்று கதைத்துவிட்டுப் போகும் அளவுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது.

அடுத்த முறை அண்ணை வந்தபோது, கழுத்தில் மெழுகு உருக்கி மூடிய ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். ஒரே பீப்பாவில் இருந்து மட்டும் எடுத்தது, வேறு எதனோடும் கலக்காதது. "இது இஞ்ச நிக்கப் போகுது. ஆரின்ர மூக்கு நல்லதோ அவர் வைச்சிருக்கட்டும்" என்று மேசை நடுவில் வைத்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டு இல்லை. அந்தப் போத்தல் யார் வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சாதாரண போத்தல் ஒன்றைத் திறந்து மூன்று பேருக்கும் ஊற்றினார். நான் என் கிளாஸைத்தான் கொண்டுவந்தேன். அவன் முதலில் சொன்னான். கறுத்த பனங்கட்டி என்றான், தோடம்பழத் தோல் என்றான், மழை நனைத்த பலகை என்றான். ஒவ்வொன்றுக்கும் அண்ணை தலையாட்ட ஆட்ட நான் மேசை நடுவில் நின்ற போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மணந்தேன். "கற்பூரம்."

அண்ணை என் கிளாஸை வாங்கி மணந்தார். அவர் முகம் மலர்ந்தது. "டேய், ஓம்! இப்பதான் எனக்கு வருது." கிளாஸை அவனிடம் நீட்டினார். "நீ பார்."

அவன் மணந்தான். மணந்துவிட்டு என்னைப் பார்த்தான். என் முகத்தை அல்ல, என் சேர்ட்டை. அண்ணை வந்திருக்கிறார் என்று போட்டிருந்த நல்ல சேர்ட். பிறகு கிளாஸைப் பத்திரமாக மேசையில் வைத்தான்.

"ஓம் அண்ணை. கற்பூரம்தான். எனக்குப் பிடிபடேல்லை."

போத்தல் எனக்கு வந்தது. அவன் கைகொடுத்துவிட்டுப் போனான். மதிலுக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டு முன் அறை விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் விறாந்தையில் இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அண்மையில் இருந்ததில்லை.

மறுநாள் காலை அண்ணையும் நானும் நயினாதீவு அம்மனிடம் போனோம். அண்ணையிடம் இருந்தது ஜீன்ஸ் மட்டும். மனைவி அலுமாரியைத் திறந்து, என் பட்டு வேட்டியும் சால்வையும் எடுத்துக் கொடுத்தாள். குறிகாட்டுவான் துறையில் படகு நிரம்பி வழிந்தது. எங்களுக்குக் கீழே, எஞ்சினுக்குக் கிட்ட இடம் கிடைத்தது. டீசல் மணம் தாங்க முடியவில்லை. அண்ணை சால்வையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

பொத்தியவர் அப்படியே இருந்தார். சால்வையை எடுத்துப் பார்த்தார். திரும்பப் பொத்தினார்.

"உது எங்க கிடந்தது?"

"அலுமாரியில அண்ணை."

"பூச்சி உருண்டை போடுறனீங்களோ?"

"ஓம், சீலைக்கு. தட்டுத் தட்டாப் போடுவா."

"உன்ர கிளாஸ் எங்க வைக்கிறனி?"

கிளாஸும் அதே அலுமாரியில்தான். நான் உடுத்துவது எல்லாம் அந்த அலுமாரியில் இருந்து வருவது. பூச்சி உருண்டையின் அந்தக் கற்பூர வாசத்துக்குள்ளேயே இருப்பவனுக்கு அது துணியில் தெரியாது, கிளாஸில்தான் தெரிந்திருக்கிறது. அண்ணை சிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தார். "ரொறன்ரோ முழுக்கச் சொல்லிப்போட்டனடா." எனக்கும் சிரிப்பு வந்தது, உண்மையாகவே வந்தது. இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். அதோடு முடிந்திருந்தால் நல்லது.

சிரித்து ஓய்ந்த பிறகு அண்ணை சால்வையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு, வேறு குரலில் சொன்னார்: "அவனுக்கு நேற்றே விளங்கியிருக்கு. உன்னை விட்டுக்குடுக்கேல்லை, பாத்தியோ. நல்ல பெடியன்."

ஐம்பது வயதாகப் போகிறவன் பெடியனாம். கோயிலில் அம்மனுக்கு முன்னால் நின்று அண்ணை உருகி உருகிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று சொல்லமாட்டேன். அதில் ஒரு தபாற்கந்தோர் ஊழியரின் இடமாற்றம் சம்பந்தப்பட்டிருந்தது.

அண்ணை போத்தலைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் திரும்பிப் போன பிறகு என் போத்தல்களைக் குசினித் தட்டுக்கு மாற்றினேன். கிளாஸைச் சவர்க்காரம் போட்டு, வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்தேன். அடுத்த ஞாயிறு அந்த மெழுகை உடைத்துத் திறந்து, கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு மதிலோரம் வந்து நின்றேன். விளிம்பில் மூக்கை வைத்தேன். கற்பூரம் இல்லை. முதலில் ஒன்றுமே இல்லை. பொறுத்துப் பார்த்தேன். பிறகு கறுவாப்பட்டை வாசம் வந்தது. சின்னதாக, ஆனால் உண்மையாக. யாரும் சொல்லித்தராமல், எந்த அலுமாரியும் உதவாமல், என் சொந்த மூக்குக்கு வந்த முதல் வாசம்.

அண்ணையின் அழைப்பு வந்ததும் அதைத்தான் சொன்னேன். "கறுவா வருது அண்ணை."

"அப்பிடியோ" என்றார். பிறகு கேட்டார்: "அவன் பக்கத்தில நிக்கிறானோ?"

அவன் மதிலுக்கு அந்தப் பக்கம் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான். போனை நீட்டினேன். கிளாஸையும் நீட்டினேன். அவன் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து வாங்கி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மணந்தான்.

"கறுவா அண்ணை" என்றான். "நல்ல கறுவா."

போனுக்குள் அண்ணை சந்தோஷமாக என்னவோ சொல்வது கேட்டது. அவன் உண்மையில் மணந்துதான் சொன்னானா, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.