ஜெபம் பாதி, கோள் பாதி

பேராசிரியர் தம் வீட்டில் யாரையும் ஒரு நாளும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதுகூடக் கிடையாது. "தங்கமான மனுஷன் உங்களுக்கு வாச்சிருக்காரு" என்று தெரிந்தவர்கள் அவர் மனைவியிடம் சொல்வார்கள். அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவைப்பார். பின்னே என்ன சொல்வது? திட்டுகிற வேலையைத்தான் மனுஷன் தினமும் சாயங்காலம் கடவுளிடம் ஒப்படைத்திருக்கிறாரே!

விஷயம் இதுதான். மாலை ஏழு மணியானால் அந்த வீட்டில் குடும்ப ஜெபம். இடியே விழுந்தாலும் நிற்காது. முன்னறையில் நால்வரும் உட்கார்ந்து, முதலில் அப்பா, அப்புறம் அம்மா, பெரியவள், சின்னவன் என்று ஒவ்வொருவராகக் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கையில் மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசவும் கூடாது. இது பேராசிரியர் போட்ட சட்டம்.

"ஆண்டவரே, ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுற கைகளைத் திருத்தும்" என்று அவர் மனமுருகி வேண்டுவார். சின்னவன் கண்ணை மூடியபடியே நெளிவான். அடுத்தது அம்மாவின் முறை. "கர்த்தாவே, குடிச்ச காப்பி டம்ளரைப் புத்தக அலமாரியில வச்சிட்டு மறந்துபோறவங்களுக்கும் நல்ல புத்தியைத் தாரும்" என்பார். இப்போது நெளிவது பேராசிரியர். சண்டை என்று அந்த வீட்டில் நடந்ததெல்லாம் பரலோகம் வழியாகவே நடந்தது.

இரண்டு பெட்டியும் ஒரு வேலை உத்தரவுமாக அவர் சொந்த ஊரைவிட்டு இந்த அயல்நாட்டில் வந்து இறங்கியபோது பெரியவள் கைக்குழந்தை. அவருக்கு மண்தான் படிப்பு. கட்டடம் எழும்பப்போகிற இடத்தில் குழாயை இறக்கி மண்ணை எடுத்துவந்து, உலையில் காயவைத்து, சல்லடையில் சலித்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் அவர் பேச்சு மாணவர்களுக்குப் பிடிபடவில்லை. பின்வரிசை காலியாகி, நடுவரிசையும் காலியாகத் தொடங்கியது. ஆள் அசரவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டு, களிமண்ணையும் மணலையும் மேசைமேல் கொட்டி, அவர்களையே பிசைந்து பார்க்கவிட்டார். அதற்கப்புறம் அவர் வகுப்பில் இடம் பிடிக்க அடிதடி. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் மண் வாத்தியார். "கட்டிக்கிட்ட அன்னிக்கே தெரியும், என் தலையில மண்ணுதான்னு" என்று மனைவி அதையும் விட்டுவைக்கவில்லை.

அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மாலை ஷிப்ட் இருந்தால், உடை மாற்றுகிற அறையில் நின்றபடி ஃபோனிலேயே ஜெபத்தில் சேர்ந்துகொள்வார். ஒரு தடவை பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர் பதவி பேராசிரியரைத் தேடி வந்தது. சாயங்காலக் கூட்டங்கள் இருக்கும் என்றார்கள். "அந்நேரம் எனக்கு வீட்ல ஒரு கூட்டம் இருக்கு" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். பிழைக்கத் தெரியாதவர் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அவருக்குப் படுத்தால் தூக்கம் வந்தது, எழுந்தால் வேலைக்குப் போக ஆசையாக இருந்தது. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

பிள்ளைகளுக்கு வெளியே நாள் முழுக்க வேறு பாஷை. அவர்கள் தமிழ் கற்றதில் முக்கால்வாசி அந்த ஏழு மணி ஜெபத்தில்தான். அதனாலேயே சின்னவன் ஐந்து வயதில் சாப்பாட்டு மேசையில், "அம்மா, எனக்குத் தண்ணீர் தந்தருளும்" என்றான். அம்மா சிரித்த சிரிப்பில் ஜாடித் தண்ணீர் முழுக்க அவன் தட்டில் கொட்டியது.

இப்படிச் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் பெரியவள் படிப்பை முடித்தாள். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசப் பழக்குகிற வேலை. அது கிடைத்திருந்த ஊருக்கு ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போக வேண்டும். பேராசிரியர் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தார். மகள் தம் பல்கலைக்கழகத்திலேயே மேலே படிப்பாள், மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடலாம், சாயங்காலம் ஒரே காரில் திரும்பலாம். அவள் வந்து சொன்னபோது, "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஏழு மணிக்கு வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே, தூரமா போகணும்னு துடிக்கிற பிள்ளையோட மனசைத் திருப்பும். பெத்தவங்க நிழல்ல இருக்கிற அருமையை அவளுக்குக் காட்டும்."

மறுநாளும் அதே ஜெபம். அதற்கடுத்த நாளும் அதே. நாள் ஆக ஆக ஜெபம் நீண்டுகொண்டே போனது. ஒரு மாலை, பெரியவளின் முறை வந்தது. அவள், "ஆமென்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் அந்த ஒரே சொல். மற்ற நேரமெல்லாம் எப்போதும்போலச் சிரித்துப் பேசினாள். ஜெபத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை.

பேராசிரியருக்குப் புதுக் கவலை வந்தது. பிள்ளை தூரம் போவது இருக்கட்டும், விசுவாசத்தையே விட்டுவிட்டுப் போகிறாளோ? தாம் கட்டிக்காத்ததெல்லாம் கைநழுவிப் போகிறதோ? ஆய்வுக்கூடத்தில் சல்லடையைக் கையில் பிடித்தபடி எதைச் சலிக்க வந்தோம் என்றே மறந்து நின்றார். அவள் கிளம்ப இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பி வந்து, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அவ கடவுள்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டா போலிருக்கு" என்றார்.

"யார் சொன்னது? அறைக்குள்ள தனியா நல்லாத்தான் ஜெபம் பண்றா. நானே கேட்டேன். உங்க முன்னாடிதான் பண்ண மாட்டேங்கிறா."

"ஏன்?"

"என்னங்க, இப்படிக் கேக்குறீங்க? நீங்க தினமும் கண்ணை மூடிக்கிட்டு அவ பக்கத்துலயே உக்காந்து, அவளைப் பத்திக் கடவுள்கிட்ட கோள் சொல்றீங்க. குறுக்க பேசக் கூடாதுன்னு சட்டம் வேற. பாவம், அவ என்னதான் பண்ணுவா?"

"நான் ஜெபம்தானே பண்றேன்?"

"ஜெபம் பாதி, கோள் பாதி" என்று சொல்லி, மடித்த துணிகளை அவர் கையில் கொடுத்தார் மனைவி. "அவ துணிதான். கொண்டுபோய்க் குடுங்க."

எத்தனை நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திய மனுஷன்! சொந்த மகளின் அறை வாசலில், துணியைச் சுமந்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். அவள் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ போறது எனக்குப் பிடிக்கலம்மா" என்றார்.

"தெரியும்பா. ஒரு மாசமா ஆண்டவர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்களே."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். துணி இன்னும் மடியிலேயே இருந்தது. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். "நானும் ரெண்டு வருஷத்துல ஊருக்குத் திரும்பிடுவேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அப்புறம் நீ பள்ளிக்கூடம் போன, தம்பி பொறந்தான், திரும்பவே இல்ல. அப்படித்தான் நீயும் போயிடுவியோன்னு பயம். வேற ஒண்ணுமில்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. போகவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் மடியிலிருந்த துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

அன்று ஏழு மணிக்குப் பேராசிரியரின் ஜெபம் நாலே வரியில் முடிந்துவிட்டது. சின்னவன் சந்தேகப்பட்டு ஒரு கண்ணைத் திறந்துகூடப் பார்த்தான். அம்மா ஜெபித்து முடித்தார். பெரியவளின் முறை. எல்லோரும் அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆண்டவரே" என்று தொடங்கினாள் அவள். "நான் போற ஊர்ல இந்த நேரத்துக்கு எனக்கு வேலை இருக்கும். இங்க அப்பா எனக்காக ஜெபம் பண்ணுவார். அது எனக்கு வேணும். ஆனா எனக்கு என்ன தேவைன்னு உம்மகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி, அவரை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லும்."

பேராசிரியர் கண்ணைத் திறந்துவிட்டார். அந்த வீட்டில் ஜெபத்தின் நடுவே அவர் கண் திறந்தது அதுவே முதல் தடவை. மகளின் மூடிய இமைகள் நனைந்திருந்தன.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்றார். சட்டத்தில் மிச்சமிருந்ததும் உடைந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "நீங்களே என்கூட வந்து, வீடு பார்த்துக் குடியேத்திட்டு வரணும்ப்பா" என்றாள்.

பேராசிரியர் தலையை ஆட்டினார். ஒரு தடவைக்கு நாலு தடவை ஆட்டினார். கண்ணை மூடியிருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் பதிலுக்காக முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். கடைசியில் அவர் அவளிடமே, வாயைத் திறந்து சொன்னார்:

"வர்றேன்மா."