திரையோரம் என் பெயர்

கிள்ளான் தியேட்டரில் அன்று காமிக்ஸ் நாயகனின் சண்டைப்படம். ஒற்றைக் கையால் அவன் லோரியைத் தூக்கி எறிந்தான், நான் விசிலடித்தேன். அப்போது திரையோரம், கையால் எழுதிய சிலைடில் என் பெயர் வந்தது: ‘உடனே வெளியே வரவும்.’

டிக்கெட் கவுண்டரில் இப்படி எழுதிக் கொடுத்துக் கூட்டாளிகளை அலையவிடுவது எங்கள் விளையாட்டு. அதற்கு முந்தின வாரம் நானே செய்திருந்தேன்.

“எவனோ வெளையாடுறான்லா,” என்று சிரித்துவிட்டுப் படத்தை முழுசாகப் பார்த்தேன்.

வெளியே பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளோடு நின்றார்.

“ஒரு மணி நேரமா நிக்கிறேன்டா. அப்பா ஆஸ்பத்திரில உன்னையேதான் கேட்டாரு. இப்பதான் கவுண்டருக்கு போன் வந்துச்சு. முடிஞ்சிருச்சு.”

இத்தனை வருஷம் கழித்து, சென்ற மாதம் அதே படத்தை டிவியில் போட்டார்கள். லோரி பறந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அப்பா நினைவுக்கு வந்தார்.