மாப்பிள்ளையைத் தூக்கி வந்த மன்றத்தார்

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருப்பவர்கள் நாங்கள். சேவை மன்றத்தில் சேரச் சொல்லிச் செயலாளர் மாணிக்கம் வரும்போதெல்லாம், "வேலைவெட்டி இல்லாதவங்க கூட்டம் எனக்கெதுக்கு?" என்று விரட்டுவேன்.

என் மூத்த மகளின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வந்த வேன் செம்மண் ரோட்டுச் சேற்றில் புதைந்துவிட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருக்க, நான் கோயிலிலிருந்து வேனிடம் ஓடினேன். பக்கத்தில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த மன்றத்தார் ஓடி வந்தார்கள்.

"பயப்படாதீங்கண்ணே, நாங்க சும்மாதான் இருக்கோம்லா!" என்றார் மாணிக்கம்.

எவ்வளவு தள்ளியும் வேன் அசையவில்லை. பட்டுவேட்டி மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கே வந்துவிட்டார்கள். அங்கே காத்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன், "இது உங்க தோட்டத்து வழக்கமா? பிரமாதம்லா!" என்றார். நானும் ஆமென்று தலையாட்டிவைத்தேன்.

மறுநாளே மன்றத்தில் சேர்ந்தேன். இப்போதெல்லாம் துப்புரவுப் பணியென்றால் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்கிறேன். வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ரோட்டுக்கோ இன்னும் தார் வரவில்லை.