இரண்டு தரிசுக்கு நடுவே ஒரு பொழி

அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. அறுபதுகளின் பின்பாதியில், பம்பாயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருவரும் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். நான் கோவில்பட்டி, அவள் பசுவந்தனை. ஒரு மராட்டியனோ வங்காளியோ என்னை முந்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அத்தனை பெரிய பம்பாயில் எனக்குப் போட்டியாகப் பக்கத்து ஊர்க்காரி, அதுவும் ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண் வந்து சேர்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த எந்திரத்தின் நினைவகத்தில் ஒரே சமயத்தில் பல நிரல்கள் ஓடும். எதற்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு தலைமை நிரல் உண்டு. சூப்பர்வைசர் என்போம். காலையில் ஜோராக ஓடும். மதியத்துக்குள் இடமெல்லாம் துண்டு துண்டாகிவிடும். மொத்தமாகப் பார்த்தால் நிறையக் காலி இருக்கும்; ஆனால் பெரிய நிரல் ஒன்று வந்து நின்றால் அதை உட்கார வைக்கச் சேர்ந்தாற்போல் இடம் இருக்காது. எந்திரத்தை நிறுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இதைச் சரிசெய்கிறவரை ஒரு வருஷப் பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்புவதாகத் துறைத் தலைவர் சொல்லிவிட்டார். ஒன்று நான், இல்லாவிட்டால் அவள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது அம்மா சர்ச்சில் ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. மகன் அமெரிக்கா போகிறான் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கோவில்பட்டி வெயிலில் எனக்குக் கம்பளிக் கோட்டுக்கு அளவெடுத்தார்கள். நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

பண்டிகைப் பலகாரத்தைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கூட வேலை பார்க்கிற பிள்ளை வீட்டுக்குக் கொடுக்காமல் எப்படி என்று அம்மா ஒரு தூக்குவாளி நிறைய அதிரசத்தோடு என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். அவளும் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். பசுவந்தனையில் இறங்கிக் கேட்டேன். அவள் அண்ணன் சந்தைக்குப் போயிருக்கிறான், ஆட்டோடு அவள் காட்டில் நிற்கிறாள் என்றார்கள். கம்பு அறுத்து முடித்த கரிசல் காட்டில், குடையைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போட்டி போடுகிறவள் நின்றாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சும்மா இருந்திருக்கலாம். என் திட்டத்தை அவளிடம் அளந்துவிட்டேன். திரும்பி வரும் துண்டுகளைச் சிறிது பெரிது என்று வரிசைப்படுத்தி வைப்பேன், கேட்டதும் சட்டென்று எடுத்துக் கொடுப்பேன், நகர்த்தும் வேலையையும் பாதி நேரத்தில் முடிப்பேன் என்றேன். அவள் உம் கொட்டிக் கேட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு துண்டு காலியாக் கெடந்தா என்ன செய்யுதீங்க?"

"ரெண்டு துண்டா வரிசையில இருக்கும்."

"ரெண்டும் தரிசுதான? நடுவுல பொழி எதுக்கு?"

பொழி என்றால் எங்கள் பக்கத்தில் வயல் வரப்பு. எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. யார் பொழியையும் தொடாதே, உன் பொழியையும் யாரையும் தொடவிடாதே என்பதுதான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே விவசாயம். ஒருதரம் போட்ட பொழியை அழிக்கலாம் என்பதே என் புத்தியில் ஏறியதில்லை.

"பொழிய அழிச்சா எது யாருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றேன் கோபமாக.

"ஆளு இருக்குத காட்டுக்குல்லா அது வேணும். ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போன பொறவு அது யாருக்கு அண்ணாச்சி?" என்று சொல்லிவிட்டு ஆடுகளைக் கை காட்டினாள். "இதுக எங்கன பாக்குது பொழிய?"

ஆடுகள் ஒரு தரிசிலிருந்து அடுத்த தரிசுக்கு மேய்ந்துகொண்டே போயின. சொந்தமாக ஒரு குறுக்கம் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்ததால் அவளுக்கு அது கண்ணில் பட்டது. நிலம் இருந்ததால் எனக்குப் படவில்லை. இதற்கு நான் யாரோடு போய்ச் சண்டை போட? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவள் கணக்கில் ஓட்டை தேடிக்கொண்டே வந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பம்பாய்க்குத் திரும்பியதும் துறைத் தலைவர் எங்கள் இரண்டு நிரல்களையும் ஓட்டிப் பார்த்தார். என்னுடையது மதியம் நின்றது. வேகமாக நகர்த்தி முடித்துவிட்டு மறுபடி நின்றது. அவளுடைய நிரல் ஒரு துண்டு திரும்பி வந்ததும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. பக்கத்துத் துண்டும் காலி என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. சாயங்காலம் வரை எந்திரம் நிற்கவில்லை. நான் கைதட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டும் கைதட்டலாம்.

அவள் அமெரிக்கா போனாள்; அவளுடைய நிரல் சூப்பர்வைசராக எந்திரத்திலேயே தங்கிவிட்டது. அம்மா சில மாதம் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, பிரசங்கம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தாள். எனக்கோ அந்த எந்திரத்தை விட்டு எங்கும் போக வழியில்லை. எவ்வளவு பெரிய நிரலை நான் எழுதினாலும், அது ஓடத் தொடங்குமுன் அவளுடைய நிரலிடம் போய் எனக்குக் கொஞ்சம் இடம் கொடு என்று கேட்டு நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் கேட்டேன். ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லாதா என்று காத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் கொடுத்தது. அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.