தலைவர் கொடுத்த பேட்டி

தேவிஸ்ரீயைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவளுடைய பத்திரிகை ஆசிரியரைத் திட்டாமல் எனக்கு எழுத வராது. மலேசியாவில், ரெம்பியா பக்கத்து ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்கா நிருபர். அந்தச் சம்பளம் போதாமல் வார இறுதியில் கல்யாண வீடியோ எடுப்பாள். பின்னாளில் ஊர் ஒதுக்கிய மனிதர்களைப் பற்றியே படம் எடுத்தவள். அதற்கு ஆரம்பம் மோகனா.

மோகனா ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவள். பக்கத்து ஊரான சிம்பாங் அம்பாட்டில் மணப்பெண் அலங்காரம் செய்வாள், ஆண்டுதோறும் அம்மனுக்குக் கரகம் எடுப்பாள். கூட்டம் சேர்க்கக் கோயில் கமிட்டிக்கு அவள் ஆட்டம் வேண்டும், ஆள் வேண்டாம். தொண்ணூற்றாறாம் வருஷத் திருவிழாவில், ஆட்டம் முடிந்த கையோடு, கூட்டத்துக்கு நடுவில் அவள் கூந்தலை வெட்டினார்கள். போலீசில் ரிப்போர்ட் செய்தாள். பார்த்த ஊரே பார்க்கவில்லை என்றது. சாட்சி இல்லாவிட்டால் புகார் நிற்காது, கமிட்டியைப் பகைத்துக்கொண்ட அவள் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

தேவிஸ்ரீ எழுதிய செய்தியை ஆசிரியர் திருப்பிக் கொடுத்தார்.

“இது குடும்பம் படிக்கிற பேப்பர்மா. ஒனக்குச் சமையல் பக்கம் தரேன்லா.”

அன்றைய குடும்பப் பேப்பரின் முதல் பக்கத்தில் ஒரு கொலை, கலர் படத்தோடு. தேவிஸ்ரீ வேலையை விட்டாள்.

கேமராவோடு கோயிலுக்குப் போனாள். ஒளிந்தெல்லாம் எடுக்கவில்லை. நம்மவர்களுக்கு அது தேவையே இல்லை. வீடியோ லைட் எரிந்தால் பந்தியில் இருப்பவன்கூட எச்சில் கையோடு எழுந்து வந்து நிற்பான். கோயில் தலைவர் தனபாலன் புது ஜிப்பா மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“மோகனா விஷயம் சொல்லுங்கண்ணே.”

“நான்தான் வெட்டச் சொன்னேன். பொம்பள வேஷம் போட்டுக் கரகம் தூக்குனா அம்மனுக்கு அடுக்குமா? நம்ம கமிட்டி காளிமுத்துதான் கத்தரி கொண்டாந்தான். நல்லா எடுத்தியாம்மா? தங்கச்சி வீட்டுக்கு ஒரு கேசட் காப்பி வேணும்.”

இந்த மகா மேதைதான் எங்கள் ஊருக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தவர்.

கேசட் போலீசுக்குப் போனது. மறுவாரமே தலைவர் மோகனாவின் வாசலில் வந்து நின்றார். தேவிஸ்ரீயும் கேமராவோடு அங்கே இருந்தாள்.

“வர்ற வருஷமும் கரகத்த நீயே எடும்மா. போலீசுல குடுத்த ரிப்போர்ட்ட மட்டும் திரும்ப மீட்டுக்க.”

மோகனா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“ஊரே பாக்க வெட்டுனீங்க. ஊரே பாக்க மன்னிப்பு கேளுங்க.”

தேவிஸ்ரீ லைட்டைப் போட்டாள். தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு காருக்கு நடந்தார். ரிப்போர்ட் அப்படியே இருந்தது. மோகனாவும் ஊரிலேயே இருந்தாள்.