ஏழாம் நம்பர் பஞ்ச்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பெரிய போர்டு நிற்கிறது. சர்வதேசத் தரச் சான்றிதழ் பெற்ற நிறுவனம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபம் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரில், பாலகாட் பக்கம் இருக்கும் ஃபேப்ரிகேஷன் ஷெட் அது. பெரிய தொழிற்சாலைகளுக்கு இரும்புத் தொட்டி, குழாய் எல்லாம் செய்து கொடுக்கிறோம். நான் தரப் பிரிவில் ஃபைல் பார்ப்பவள். என் வீட்டுக்காரர் அங்கேயே வெல்டர். நாங்கள் குடியிருக்கும் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் பாதிப் பேர் வேலைக்காக விடியுமுன் பெங்களூர் ரயிலுக்கு ஓடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சாவகாசமாக ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போவோம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஜாயின்ட் முடித்ததும் பக்கத்தில் பஞ்ச் என்கிற இரும்பு அச்சை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அந்த நம்பரைப் பதிக்க வேண்டும். எந்த ஜாயின்ட் எந்த நம்பர் போட்டது என்கிற லிஸ்ட் என் ஃபைலில் இருக்கும். நாளைக்குக் கசிந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே. அவருடையது ஏழு. ஏழைத் திட்டும்படி ஒருநாளும் நேர்ந்ததில்லை. பஞ்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுவார். துவைக்கும்போது நான்தான் எடுத்து வைப்பேன்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கம்பெனிக்குச் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். வெல்டர்களுக்கும் தனியே ஒரு சர்வதேசப் பரீட்சை. முதலாளி இளவட்டம் மூன்று பேரை மட்டும் அனுப்பினார்.

"உங்க வூட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டு ஆச்சேம்மா, இனிமே இன்னாத்துக்குப் பரீட்சை?" என்றார்.

மூன்று பேரும் தேறினார்கள். ஆனால் கனமான குழாயில் அவர்கள் ஜாயின்ட் போட்டால் எக்ஸ்ரேயில் குறை தெரிந்தது. கடைசியில் அதையெல்லாம் இவர்தான் போட்டார்.

சான்றிதழுக்காகத் தரத்தைச் சோதிக்கும் ஆடிட்டர் வருவதற்கு முந்தின வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். சான்றிதழ் இல்லாதவர் போட்ட ஜாயின்ட் என்று தெரிந்தால் ஆர்டர் போய்விடும்.

"ஏழ கிரைண்டர்ல தேச்சுட்டு, பாஸான பையன் நம்பர் நாலு போடச் சொல்லிட்டேன். நீங்க லிஸ்ட்ட மாத்திடுங்கம்மா. ஆடிட்டர் இருக்கிற ரெண்டு நாளும் அவரு வூட்லயே இருக்கட்டும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் வேலையும் போய், அதே பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். ஏழு இருந்த இடத்திலெல்லாம் நாலு என்று அடித்து, கீழே கையெழுத்தும் போட்டேன். வீட்டில், "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க, முதலாளியே சொன்னாரு" என்று சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

ஆடிட்டர் எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக யார் போட்டது என்று கேட்டார். நாலாம் நம்பர்க்காரர் முன்னால் வந்து நின்றார். ஆடிட்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மூன்றாம் நாள் இவர் வேலைக்கு வந்தார். குழாயில் நம்பர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்த வாரம் துவைக்க எடுத்த சட்டைகளில் பஞ்ச் இல்லை.

சான்றிதழ் வந்தது, கேக் வெட்டினோம். வாசலில் போர்டு மாட்ட இரும்பு ஸ்டாண்ட் செய்யும் வேலையை முதலாளி இவரிடம் கொடுத்தார். அதற்குப் பரீட்சை எதுவும் தேவையில்லையாம்.

ஸ்டாண்டை நட்ட அன்று மதியம், யாரும் பார்க்காதபோது அதன் பின்பக்கம் போய்க் குனிந்து தேடினேன். எங்கேயாவது ஒரு ஏழைப் பதித்திருப்பார் என்று ஆசை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எங்கேயும் இல்லை.

சாயங்காலம் ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட்டே விட்டேன். "இன்னாங்க, ஸ்டாண்டுல உங்க நம்பர் போடலியா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "உன் லிஸ்ட்லதான் ஏழே இல்லியே. இன்னான்னு போடறது?"

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் தோளைப் பிடிக்கக் கை எழவில்லை.